சாதனைக்கு ஏழு கையெழுத்து

நெல்ஃபா தபனாவ் மணலில் விழுந்து எழுந்து திரும்பிப் பார்த்தபோது, தாண்டியது செல்லும் என்று வெள்ளைக் கொடியைத் தூக்கியிருந்த நடுவரின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. செல்லாது என்ற சிவப்புக் கொடிக்காரர் கொடிக்கம்பை இரண்டாவது முறையும் ஓங்கியிருந்தார்.

நான் பத்தடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தேன். என் பெயர் எலிசர். தேசியத் தாண்டுதல் சங்கத்தில் பதினாறு வருஷமாக நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுகிறேன். நீளம், உயரம், மும்முறை, கோலூன்றி என்று எங்கள் தீவுகளில் யார் எதைத் தாண்டினாலும் சங்கத்தின் அனுமதியோடுதான் தாண்ட வேண்டும். அடிதடி எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் வழக்கமாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். அன்று காலை ஒன்பதே முக்கால்தான் ஆகியிருந்தது.

மூக்கு உடைந்தவர் தினோய். வாரநாட்களில் தபால்காரர், ஞாயிற்றுக்கிழமை நடுவர். நேர்மையானவர் என்பதால் வருஷத்துக்கு ஒரு முறையாவது அவருக்கு ஏதாவது உடையும். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் இரும்பு டேப்பை இழுத்து அவர் சத்தமாகப் படித்தார்: "பதிமூணு மீட்டர், இருபத்து நாலு."

பெண்கள் மும்முறைத் தாண்டுதலில் தேசிய சாதனை பதிமூன்று இருபத்தொன்று. முப்பத்தொரு வருஷமாக அதைச் சொந்தமாக வைத்திருந்தவர் மேடம் பசிஃபிகா இனோசென்சியோ. சங்கத்தின் துணைத்தலைவர், சாதனைக் குழுவின் தலைவி. சிவப்புக் கொடியோடு நின்ற ருஃபினோ அவருடைய மருமகன்.

நெல்ஃபாவின் கால் எம்பும் பலகையைத் தாண்டி மிதித்திருந்தால் பலகையை ஒட்டிய பச்சைக் களிமண் பட்டையில் தடம் விழுந்திருக்கும். ருஃபினோ குனிந்து பார்த்தார். தடம் இல்லை. முழங்காலிட்டுப் பார்த்தார். இல்லை. பிறகு அந்தக் களிமண் பட்டையை நகத்தால் பெயர்த்து எடுத்து, வாயில் போட்டு, மென்று, விழுங்கினார்.

"ஆதாரம் இல்லை" என்று அறிவித்தார். பல்லெல்லாம் பச்சையாக இருந்தது.

தினோய் டேப்பைப் போட்டுவிட்டு அவருடைய தொண்டையைப் பிடித்தார். அடுத்த ஐந்து நிமிஷத்தை நான் குறிப்பேட்டில் "அளவு குறித்துக் கலந்தாலோசனை நடந்தது" என்று எழுதினேன். எங்கள் சங்கத்தில் இதற்கெல்லாம் நிலையான சொற்கள் உண்டு. ஒரு பல் போனால் கருத்து வேறுபாடு. இரண்டு போனால் ஆரோக்கியமான விவாதம். எலும்பு முறிந்தால் ஆழ்ந்த பரிசீலனை.

நெல்ஃபா என்னிடம் வந்தாள். இருபத்தாறு வயது. ஜெனரல் சாண்டோஸ் துறைமுகத்தில் சூரை மீனுக்குத் தலை வெட்டுகிற வேலை. இரண்டு வாரம் லீவு சொல்லிவிட்டுக் கப்பலேறி வந்திருந்தாள். முடியெல்லாம் மணல்.

"அண்ணே, நான் என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பு ஒண்ணும் பண்ணல. அதான் சிக்கல்."

"காத்து?"

"பின்காத்து ஒண்ணு புள்ளி மூணு. ரெண்டு வரைக்கும் செல்லும்."

"அப்ப சாதனைதானே?"

"தாண்டினா சாதனை ஆயிடுமா? ஏழு பேர் கையெழுத்துப் போடணும்."

தென்கிழக்காசியப் போட்டிக்குப் போகிற அணியின் பட்டியல் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மூடப்படும் என்பது அவளுக்குத் தெரியும். தேசிய சாதனை இருந்தால் நேராக இடம். இல்லாவிட்டால் மீன் தலை. அடுத்த போட்டிவரை இன்னொரு இரண்டு வருஷம் அவள் முழங்கால் தாங்காது என்பதையும் அவளே சொன்னாள், மழை வருமா என்று பேசுகிற மாதிரி.

செவ்வாய்க்கிழமை சாதனைக் குழு கூடியது. நீள மேசை, ஏழு நாற்காலி, சுவரோரமாகக் கண்ணாடி அலமாரியில் சங்கம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த கோப்பைகள். நெல்ஃபா ஓரமாக ஒரு முக்காலியில் உட்கார வைக்கப்பட்டாள். முதலில் தேசிய கீதம். பிறகு ஜெபம். ஜெபத்தை மேடம் பசிஃபிகா நடத்தினார். ஐம்பத்தெட்டு வயதிலும் முதுகு வளையாத உயரம்.

"ஆண்டவரே, பிறர் பொருளை இச்சிக்கிறவர்களின் கணுக்காலைக் கவனித்துக்கொள்ளும்" என்றார். எல்லோரும் ஆமென் சொன்னோம். பழக்கதோஷத்தில் நெல்ஃபாவும் சொல்லிவிட்டாள்.

மேடம் எழுந்து உரையாற்றினார். "தேசிய சாதனைங்கறது தேசத்தோட சொத்து. முப்பத்தொரு வருஷமா அதைக் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக் காப்பாத்திட்டு வர்றேன். எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா? பதிமூணு இருபத்திரெண்டு, பதிமூணு இருபத்தஞ்சுன்னு. எல்லாரையும் திருப்பி அனுப்பினோம். ஒருத்திக்குக் காத்து. ஒருத்திக்கு டேப். ஒருத்திக்குப் பிறப்புச் சான்றிதழ். இப்படிக் கட்டிக்காத்த ஒண்ணை மீன் வெட்டற பொண்ணு வந்து உடைச்சா அது சாதனை இல்ல, பொதுச்சொத்துக்குச் சேதம். அதுக்குச் சட்டம் இருக்கு."

இரண்டு பேர் மேசையைத் தட்டினார்கள். அவர்கள் மேடத்தின் ஆட்கள், ஒருவர் ருஃபினோ.

அடுத்து சங்கத் தலைவர் அட்டர்னி மொடெஸ்டோ வில்லராசா எழுந்தார். குட்டையான வக்கீல், நான்கு மோதிரம். சங்கத்தின் விதிப்படி, இருக்கிற சாதனைகளிலேயே மிகப் பழையதை வைத்திருப்பவர்தான் சாதனைக் குழுவுக்குத் தலைமை தாங்க முடியும். மேடத்தின் சாதனை உடைந்தால் மேடம் வெளியே. பன்னிரண்டு வருஷமாக அட்டர்னி இதற்காகத்தான் காத்திருந்தார்.

"எனக்கு இந்தப் பொண்ணைத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு ஆசையும் இல்ல" என்று ஆரம்பித்தார். "அவ பேரு என்ன, நெல்மாவா? எதுவா இருந்தா என்ன. மூணே மூணு சென்டிமீட்டர்ல ஒரு எதிரியை ஒழிக்க முடியும்னா, அதுக்குப் பேருதான் விளையாட்டு வளர்ச்சி. நான் பதவிக்கு வந்த நாள்லேருந்து இந்த வளர்ச்சிக்காகத்தான் உழைக்கறேன்."

அவருடைய ஆட்கள் இரண்டு பேர் மேசையைத் தட்டினார்கள். ஏழாவது உறுப்பினர் தூங்கிக்கொண்டிருந்தார். கோலூன்றித் தாண்டுதலின் பிரதிநிதியான அவரைத் தூங்கவிடுவது சங்கத்தின் மரபு.

"எதிரின்னு யாரைய்யா சொன்ன?" என்றார் மேடம்.

"பேர் சொல்லணுமா?"

மேடம் தண்ணீர்க் கூஜாவை எடுத்தார். நான் குறிப்பேட்டோடு மேசைக்கு அடியில் போனேன். அங்கே ஏற்கெனவே எனக்கென்று ஒரு சின்ன மெத்தை உண்டு.

கீழேயிருந்து கால்கள்தான் தெரிந்தன. பார்த்ததைவிடக் கேட்டது அதிகம். கூஜா உடைந்தது. யாரோ நாற்காலியை முன்மொழிந்தார், இன்னொருவர் முதுகில் அது வழிமொழியப்பட்டது. சாட்சி சொல்ல வந்திருந்த தினோயின் கை கதவிடுக்கில் மாட்டியது. கதவை ருஃபினோ இரண்டு முறை சாத்தினார், இரண்டாவது முறை நிதானமாக. அலமாரிக் கண்ணாடி நொறுங்கியது. நாற்பது வருஷமாக யாருக்கும் கிடைக்காத கோப்பைகள் அன்றைக்கு எல்லோருக்கும் கிடைத்தன. நெல்ஃபாவுக்கும் ஒன்று, இடது புருவத்துக்கு மேல்.

அவள் தவழ்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. நான் கைக்குட்டை கொடுத்தேன்.

"அண்ணே, கூட்டம்னா எப்பவும் இப்படித்தானா?"

"இல்லம்மா. வெளியூர்லேருந்து ஆள் வந்திருக்குன்னு இன்னிக்குக் கொஞ்சம் அடக்கமா நடந்துக்கறாங்க."

"அவங்க எனக்காகச் சண்டை போடறாங்களா, எனக்கு எதிராவா?"

"உன்னை யாரும் இன்னும் கவனிக்கல."

மெத்தைக்கு மேலே மேசைப்பலகை விரிசல் விட்டது. அந்தச் சத்தத்தில் ஏழாவது உறுப்பினர் கண்விழித்து, "இன்னொரு தடவை தாண்டச் சொன்னா என்ன?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போனார். இரண்டு தரப்புக்கும் மூச்சு வாங்கவேண்டியிருந்தது. அதனால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வியாழக்கிழமை காலை சரிபார்ப்புத் தாண்டுதல். அதே மணல், அதே பலகை, ஒரே ஒரு வாய்ப்பு, குழு முழுவதும் நேரில்.

நெல்ஃபாவின் புருவத்தில் மூன்று தையல். தினோய்க்கு முன்கையில் இரண்டு எலும்பு. நான் "ஆழ்ந்த பரிசீலனை" என்று எழுதினேன்.

வியாழக்கிழமை மேடத்தின் தரப்பு எட்டுக் குண்டெறி வீரர்களோடு வந்தது. அட்டர்னியின் தரப்பு பதினொரு சங்கிலிக்குண்டு வீரர்களோடு வந்தது. எங்கள் சங்கத்தில் எறிகிறவர்கள் கிடையாது, இதற்கென்று வேறு சங்கத்திலிருந்து இரவல் வாங்கி வந்திருந்தார்கள். ஏழு உறுப்பினர்களும் குழியைச் சுற்றி நின்றார்கள். தேசிய கீதம். ஜெபம். ஜெபம் முடிவதற்குள்ளேயே முதல் குத்து விழுந்துவிட்டது. ஆமென் சொல்ல யாருக்கும் வாய் சும்மா இல்லை.

டேப்பை யார் பிடிப்பது என்பதுதான் தகராறு. கையில் கட்டோடு வந்திருந்த தினோய் தான்தான் என்றார். ருஃபினோ டேப்பைப் பறித்துச் சாட்டையாகச் சுழற்றினார். அட்டர்னியின் ஆளொருவருக்குக் காது நுனி கிழிந்தது. சங்கிலிக்குண்டுக்காரர்கள் இறங்கினார்கள், குண்டெறிக்காரர்களும் இறங்கினார்கள். மேடம் மணல் சமன் செய்யும் இரும்பு வாரியைத் தூக்கிக்கொண்டு குழிக்குள் நின்றார். தன் சாதனைக் குறியில், பதிமூன்று இருபத்தொன்றில், காலை ஊன்றி நின்றார். யார் கிட்டே வந்தாலும் முழங்காலுக்குக் கீழே வீசினார். இரண்டு பேர் விழுந்தார்கள்.

ஓடுபாதையின் மறுமுனையில் நெல்ஃபா நின்றுகொண்டிருந்தாள். அதற்குள் தாண்டாவிட்டால் வாய்ப்பே போய்விடுகிற ஒரு நிமிஷக் கடிகாரம் ஓட ஆரம்பித்திருந்தது. அதை மட்டும் யாரோ கடமை தவறாமல் போட்டுவிட்டிருந்தார்கள்.

"அண்ணே! குழியில ஆள் இருக்காங்க!" என்று கத்தினாள்.

குழிக்குள் மேடத்தின் கூந்தலைப் பிடித்திருந்த அட்டர்னி தலையை நிமிர்த்திக் கத்தினார்: "தாண்டு! குழு கூடியிருக்கு! கூட்டத்துக்குத் தேவையான எண்ணிக்கை இருக்கு!"

இருபது வினாடி. பத்து. அவள் ஓடி வந்தாள். அப்படி ஒரு ஓட்டத்தை நான் அந்த மைதானத்தில் பார்த்ததில்லை. ஒரு தத்தல், ஒரு எட்டு, ஒரு தாவல். மூன்றுக்கும் நடுவில் மண்ணில் கால் பட்ட சத்தமே இல்லை. காற்றில் இருக்கும்போதே மேடத்தின் வாரி அவள் தோளைப் பிளந்தது. இருந்தும் அவள் நிற்கவில்லை. இரண்டு காலையும் நீட்டி அட்டர்னி மொடெஸ்டோவின் நெஞ்சில் இறங்கினாள். எலும்பு முறிகிற சத்தம் என் நாற்காலிவரை கேட்டது.

அளக்க யாருமில்லை. டேப் இரண்டாக அறுந்து கிடந்தது. மேடத்தின் ஆள் ஒருவர் மட்டும், வாயில் ரத்தத்தோடு, "விதிப்படி மணல்ல விழுந்த தடத்துலேருந்து அளக்கணும்... ஆனா அவ விழுந்தது தலைவரோட உடல்ல... அதுக்கு விதி இல்ல" என்று சொல்லிக்கொண்டே மயங்கி விழுந்தார்.

பிறகு தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் பீய்ச்சியடித்துப் பிரித்தது. ஏழு உறுப்பினர்களும் அரசு மருத்துவமனையில் ஒரே வார்டில் போடப்பட்டார்கள். வாசலில் காவலுக்கு போலீஸ். அங்கேயும் அவர்களைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவைக்க வேண்டியிருந்தது என்று நர்ஸ் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு போலீஸ் லெப்டினென்ட் பராங்கான் வந்தாள். சிடுசிடுப்பான பெண். தொப்பியைக் கழற்றாமலே பேசினாள்.

"நேத்து அங்க நடந்தது என்ன? சட்டவிரோதக் கூட்டம், கலவரம், கொலை முயற்சி. ஏழு பேரும் உள்ள போறீங்க. இல்ல, விளையாட்டு நிகழ்ச்சின்னு சொல்றீங்களா? அப்ப அது மைதானத்துல நடந்த அசம்பாவிதம், என் வேலை இல்ல. நிகழ்ச்சின்னா அதுக்கு ஒரு தாள் இருக்கணுமே. எங்க தாள்?"

வார்டு முழுக்க என்னைப் பார்த்தது. என்னிடம் ஒரே ஒரு தாள்தான் இருந்தது. சாதனை அங்கீகாரப் படிவம். பெயர்: நெல்ஃபா தபனாவ். அளவு: 13.24. கீழே ஏழு கோடு, ஏழும் காலி.

"இதுல ஏழு கையெழுத்தும் விழுந்துட்டா, நேத்து கூடினது அங்கீகார விழான்னு ஆகிடும்" என்றேன்.

மாவுக்கட்டுக்குள்ளிருந்து ஆறு கைகள் நீண்டன. அட்டர்னிக்கு மூன்று விலா எலும்பும் காரை எலும்பும் போயிருந்தன. மூச்சுவிட முடியாமல் கையெழுத்திட்டார். "இந்த மகிழ்ச்சியான தருணத்துல..." என்று தொடங்கி வலியில் நிறுத்திக்கொண்டார். மேடத்தின் ஆட்கள் இரண்டு பேர், மேடத்தின் பக்கம் பார்க்காமலே போட்டார்கள். அதில் ஒருவர் ருஃபினோ. ஏழாவது உறுப்பினர் தூக்கத்திலேயே போட்டார்.

மேடம் பசிஃபிகா கடைசிக் கட்டிலில் இருந்தார். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது, தாடை வீங்கியிருந்தது.

"நான் ஜெயிலுக்குப் போறேன்" என்றார். "முப்பத்தொரு வருஷம் காத்ததை ஒரு பேனாவுக்குக் குடுக்க மாட்டேன்."

"அத்தை, பிள்ளைங்க இருக்காங்க எனக்கு" என்று ருஃபினோ அழுதார்.

"களிமண்ணைத் தின்னப்ப இல்லையா பிள்ளைங்க?"

அட்டர்னி மற்றவர்களுக்குக் கண் காட்டினார். ஆறு பேரும் கட்டிலோடு கட்டியிருந்த கட்டுகளை அவிழ்த்துக்கொண்டு இறங்கினார்கள். ஊன்றுகோல், குளுக்கோஸ் மாட்டுகிற கம்பி, மலச்சட்டி, கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி அந்தக் கட்டிலை நோக்கிப் போனார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஏழாவது உறுப்பினர்கூட எழுந்து நடந்தார். லெப்டினென்ட் பராங்கான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதல் அடி மேடத்தின் முழங்காலில் விழுந்தது. அவர் கத்தவில்லை, பல்லைக் கடித்தார். இரண்டாவது அடி விலாவில்.

தோளில் பதினான்கு தையலோடு நெல்ஃபா வார்டு வாசலில் நின்றிருந்தாள். அந்த வாரம் முழுக்க எத்தனையோ பேர் அவளை அடித்திருந்தார்கள். அவள் யாரையும் வேண்டுமென்று அடித்ததில்லை. நேராக வந்து ருஃபினோவின் ஊன்றுகோலைப் பிடுங்கினாள். மீன் வெட்டுகிற கை. அட்டர்னியின் மாவுக்கட்டு மேலேயே ஒரு போடு போட்டாள். மாவு தெறித்தது. இரண்டாவது போட்டில் ருஃபினோவின் முன்பல் இரண்டும் போயின, ஒன்றுதான் கட்டிலுக்கடியில் ஓடியது. மற்றவர்கள் தத்தம் கட்டிலுக்குத் திரும்பிப் போர்வையை இழுத்துக்கொண்டார்கள். ஏழாவது உறுப்பினர் படுத்த உடனே குறட்டை விட்டார்.

அவள் மேடத்தின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

மேடம் அவளையே பார்த்தார். "கையெழுத்து கேக்க மாட்டியா?"

"நீங்க போட மாட்டீங்க மேடம்."

"நேத்து எவ்வளவு தாண்டின, நிஜமா?"

"தெரியல. கீழ தலைவர் இருந்தாரே."

மேடம் சிரிக்க முயன்று தாடையைப் பிடித்துக்கொண்டார். "நான் பார்த்தேன். பக்கத்துல நின்னேனே. பதிமூணு நாப்பது இருக்கும். ரெண்டாவது எட்டுல உன் இடுப்பு இறங்குது. அது இறங்காம இருந்தா இன்னும் ஒரு சாண்." முறிந்த மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார். "அந்த நம்பரைச் சொல்லித்தான் என்னை எல்லா மேடையிலயும் கூப்பிட்டாங்க. அது போனா என்னை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"எனக்குத் தெரியல மேடம். என்னை இதுவரைக்கும் யாரும் எந்த மேடைக்கும் கூப்பிட்டதில்ல."

மேடம் இடது கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன். பள்ளிக்கூடக் குழந்தை எழுதுகிற மாதிரி எழுத்தெழுத்தாகக் கோணலாகப் போட்டார். போட்டு முடித்ததும் பேனாவை அட்டர்னியின் கண்ணைக் குறிவைத்து எறிந்தார். இடது கை என்பதால் காதில் குத்தியது.

அப்போது மணி நாலு பத்து. நானும் நெல்ஃபாவும் ஒரு ஜீப்னி சிற்றுந்தில் ஏறி, நெரிசலில் பாதி வழியில் இறங்கி, மீதி வழி ஓடினோம். அணி அலுவலகத்தின் கவுண்டரில் போய் நின்றபோது நாலு ஐம்பத்தாறு. உள்ளே ஒரு குமாஸ்தா பன்சித் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயைத் துடைத்து, படிவத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"கறை இருக்கே."

"ரத்தம் சார்" என்றாள் நெல்ஃபா.

"கறை படிஞ்ச ஆவணத்தை வாங்கக் கூடாதுன்னு உத்தரவு. சுத்தமான தாள்ல ஏழு கையெழுத்தும் வாங்கிட்டு திங்கட்கிழமை வாங்க. இப்ப கவுண்டர் மூடற நேரம்."

நெல்ஃபா கையில் இருந்ததைத் தூக்கிக் கவுண்டர் மேல் வைத்தாள். அப்போதுதான் நானும் கவனித்தேன், மருத்துவமனையிலிருந்து ஊன்றுகோலை அப்படியே கொண்டுவந்திருந்தாள். அதன் நுனியில் மாவுக்கட்டுத் துணுக்கும் ஒரு பல்லும் ஒட்டியிருந்தன.

குமாஸ்தா அதைப் பார்த்தார். அவளுடைய புருவத்துத் தையலைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார். முத்திரையை எடுத்து, மையில் தொட்டு, மூன்று இடத்தில் குத்தினார். கேட்காத இடத்திலும் ஒன்று குத்தினார்.

"வாழ்த்துகள், மேடம்" என்றார்.

வெளியே வந்ததும் அவள் நடைபாதையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்தக் கோலைக் குடும்மா, போற வழியில மருத்துவமனையில திருப்பிக் குடுத்துடறேன்" என்றேன்.

"இருக்கட்டும் அண்ணே" என்றாள். "போட்டிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே."